பகவதி மைனியின் சோற்றுக்கை

என் வீட்டுக்காரர் சுதனின் அக்காவை நான் மைனி என்று கூப்பிடுகிறேன். பெயர் பகவதியம்மாள். பூதப்பாண்டிப் பக்கம் ஒரு நல்ல குடும்பத்தில்தான் கட்டிக் கொடுத்தார்கள். புருஷன் சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டார். மைனி தாழக்குடியில் தம்பி வீட்டுக்கே திரும்பி வந்துவிட்டாள். கல்யாணத்துக்கு முன்னால், எனக்கு மாமியார் கிடையாது என்று தெரிந்து என் தோழிகள் பொறாமைப்பட்டார்கள். பாவம், அவர்களுக்கு மைனியைத் தெரியாது.

ஊரில் எந்த வீட்டுக் கல்யாணம் என்றாலும் மைனி பந்தியில் நிற்பாள். யாரும் நிற்கச் சொல்ல வேண்டியதில்லை. இலையின் நுனி எந்தப் பக்கம், இஞ்சிப்பச்சடிக்கு எந்த மூலை, பருப்பு விழுவதற்கு முன்னால் பப்படத்தை நொறுக்கலாமா, பாயாசத்தில் மட்டிப்பழத்தை எப்போது பிசைய வேண்டும் என்பதில் சந்தேகம் வந்தால் கீழ்கோர்ட்டும் அவள்தான், மேல்கோர்ட்டும் அவள்தான். அவியல் வைக்க வேண்டிய இடத்தில் எரிசேரியை வைத்த பரிமாறுகாரர் ஒருவர் அந்த வாரமே பாஸ்போர்ட் எடுத்துக்கொண்டு கல்ஃபுக்குப் போய்விட்டதாகச் சொல்வார்கள். நான் நம்புகிறேன்.

இப்படிப்பட்ட வீட்டில்தான் என் மகன் தாணு வந்து பிறந்தான். மாதம் நிறைவதற்குள் அவசரப்பட்டுப் பிறந்து, கொஞ்ச நாள் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்துவிட்டு வீட்டுக்கு வந்தான். வளர வளரத்தான் தெரிந்தது. வலது கை எப்போதும் முஷ்டியாகவே இருந்தது. முழங்கை மடங்கி நெஞ்சோடு ஒட்டிக்கொண்டது. நடக்கத் தொடங்கியபோது வலது காலின் முன்பாதம் மட்டும் தரையைத் தொட்டது. டாக்டர் பொறுமையாகச் சொன்னார்: கையிலும் காலிலும் குறை இல்லை, மூளையிலிருந்து அவற்றுக்குப் போகிற உத்தரவு சரியாகப் போய்ச் சேரவில்லை, பயிற்சி கொடுத்தால் நிறைய முன்னேறலாம், சீக்கிரம் தொடங்குங்கள் என்று.

எங்கள் குடும்பத்து நிபுணர்கள் இதை ஏற்றுக்கொள்ளவில்லை. ஒரு சித்தப்பா, "எங்க மாமாவும் மூணு வயசுக்குப் பொறவுதான் நேராட்டு நடந்தாவ. கடைசியில வில்லேஜ் ஆபீசராட்டு ரிட்டையர் ஆகல்லியா?" என்றார். இன்னொருவர் கண்ணேறு என்றார். மைனி ஒரு வர்ம ஆசானிடம் எண்ணெய் வாங்கி வந்து, பிள்ளை வழுக்கிக் கையை விட்டுப் போகிற அளவுக்குத் தேய்த்தாள். சுதன் "பாப்போம்" என்றார். தகப்பன் என்ற முறையில் அவர் செய்த பங்களிப்பை ஒரே சொல்லில் எழுதச் சொன்னால் அந்தச் சொல்லைத்தான் எழுதுவேன்.

எல்லாவற்றையும்விடப் பெரிய சிக்கல் சாப்பாட்டில் வந்தது. வலது கை விரியவில்லை. இடது கையோ படு கெட்டி. பென்சில் பிடிக்கும், பந்து எறியும், என் போனை லாக் திறந்து எடுக்கும். ஆனால் அது நொட்டாங்கை. மைனியின் தம்பி மகன் நொட்டாங்கையால் சோறு தின்பதா? சூரியன் மேற்கே உதித்தால்கூட அந்த வீட்டில் ஏதாவது சமாதானம் சொல்லிக்கொள்வார்கள், இதற்குச் சமாதானமே கிடையாது. தட்டைப் பார்த்து அந்த இடது கை நீண்டால் போதும், மைனி செல்லமாக ஒரு தட்டுத் தட்டி அதை மடியில் இறக்கிவிட்டு அவளே ஊட்டிவிடுவாள். காலை, மத்தியானம், ராத்திரி. ஆறு வயதிலும் என் மகன் டி.வி. முன்னால் உட்கார்ந்து, கண்ணை எடுக்காமல், வாயை மட்டும் திறந்து மூடிக்கொண்டிருந்தான். ராஜாக்களுக்கே இந்த வசதி இருந்திருக்காது.

அவன் தின்று முடித்த பிறகுதான் மைனி தின்பாள். ஆறிப்போன சோற்றை, அடுக்களையில் நின்றுகொண்டே. இதையும் அவள் ஒரு பெருமையாகத்தான் சொல்லிக்கொள்வாள்.

பொங்கல் லீவு முடிந்ததும் பள்ளிக்கூடத்தில் ஹெச்.எம். ஞானசெல்வி டீச்சர் கூப்பிட்டுவிட்டார். யு.கே.ஜி. வரைக்கும் மத்தியானத்தோடு வீடு, அதனால் பிரச்சினை இல்லை. ஜூனில் ஒன்றாம் வகுப்பு, சாயங்காலம்வரை இருக்க வேண்டும். "படிப்புல ஒரு கொறையும் சொல்லமாட்டேன். ஆனா மத்தியானம் அவனே சாப்பிடணும். எங்கிட்ட ஒரு ஆயாதான் இருக்கா, அவ எத்தன வாய்க்கு ஊட்டுவா? ஜூனுக்குள்ள பழக்கிட்டீங்கன்னா ஒண்ணாம் வகுப்பு. இல்லேன்னா இன்னொரு வருஷம் யு.கே.ஜி.யிலயே இருக்கட்டும்" என்றார். கடுமையாகச் சொல்லவில்லை. எனக்குத்தான் வீடு வந்து சேரும்வரை வேறு நினைப்பே ஓடவில்லை. கூடப் படித்த பிள்ளைகள் எல்லாம் மேலே போக, சோறு தின்னத் தெரியாத ஒரே காரணத்துக்காக என் பிள்ளை சின்னக் குழந்தைகளோடு உட்கார்ந்திருப்பான்.

அந்த வாரமே வங்கியில் லீவு சொல்லிவிட்டு அவனை நாகர்கோவிலுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வடசேரியில் ஒரு மாடியில் சிறப்புக் குழந்தைகளுக்கான பயிற்சி மையம். மைனியும் வந்தாள், எண்ணெய்க் குப்பியோடு.

அங்கே ஆன்ட்ரூஸ் என்பவர் கால் இலாகா. பிசியோதெரபி. சரிவுப் பலகையில் நிற்க வைப்பார், படி ஏற வைப்பார், குதிகால் நரம்பை இழுத்துவிடுவார், குதிகால் தரையில் பதிய ஒரு பிளாஸ்டிக் பட்டை அளவெடுத்துச் செய்து கொடுத்தார். இதை மைனி ஏதோ ஒரு வைத்தியம் என்று ஒப்புக்கொண்டாள். கை இலாகாவைத்தான் அவளால் சகிக்க முடியவில்லை. அந்த இலாகாவின் பிளஸ்ஸி மார்த்தாண்டத்துக்காரி, பேச்சே பாட்டு மாதிரி இருக்கும். அவள் செய்வது ஆக்குபேஷனல் தெரபி. ஒரு தொட்டி நிறைய அரிசியைக் கொட்டி அதற்குள் கோலிக்குண்டைப் புதைத்துத் தேடச் சொன்னாள். மாவைப் பிசையச் சொன்னாள். துணி மாட்டுகிற கிளிப்பைப் பிடித்து அமுக்கச் சொன்னாள். மைனி எண்ணெய்க் குப்பியை மடியில் வைத்துக்கொண்டு, யாராவது வாங்கிக்கொள்வார்கள் என்று கடைசிவரை காத்திருந்தாள்.

"ஆக்குபேஷனல்னா வேலையில்லா? ஆறு வயசுப் பிள்ளைக்கு என்னத்த வேலை வாங்கித் தரப் போறா இவ?" என்று என் காதில் கேட்டாள். பிளஸ்ஸிக்கும் கேட்கிற மாதிரிதான் கேட்டாள்.

பிளஸ்ஸி சிரித்தாள். "பிள்ளைக்க வேலை என்னதும்மா? திங்கணும், சட்டை போடணும், கக்கூசுக்குப் போகணும், விளையாடணும். அதத் தனியாட்டு செய்யப் பழக்குகதுதான் எனக்க வேலை."

பிறகு ஒரு விளிம்பு வைத்த ஸ்டீல் தட்டை எடுத்து, வழுக்காமல் இருக்க அடியில் ஈரத்துணி விரித்தாள். துணி சுற்றித் தடியாக்கிய கைப்பிடியோடு ஒரு ஸ்பூனைத் தாணுவின் இடது கையில் கொடுத்தாள். அவனுடைய வலது முஷ்டியை மெதுவாகத் தட்டின் விளிம்பில் வைத்து அமுக்கினாள். "இந்தக் கை திங்கும். அந்தக் கை சும்மா இருக்கப்பிடாது, தட்டைப் பிடிக்கணும். கேட்டியா மக்கா?"

தாணு ஒரு ஸ்பூன் தயிர்ச்சோற்றை வாயில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். அடுத்த நொடி மைனியைப் பார்த்தான். இடது கை தானாகவே மடிக்குப் போய்விட்டது.

பஸ்ஸில் திரும்பும்போது மைனி எண்ணெய்க் குப்பியின் மூடியைத் திருகித் திருகி இறுக்கிக்கொண்டே வந்தாள்.

கொஞ்ச நாள் கழித்து பிளஸ்ஸி இன்னொரு பயிற்சி சொன்னாள். கெட்டியான கை எல்லா வேலையையும் பிடுங்கிச் செய்துவிடுவதால் சுணங்கிய கைக்கு வேலையே கிடைப்பதில்லை. ஆகவே விளையாடும்போது மட்டும், கொஞ்ச நேரம், இடது கையில் ஒரு துணி உறை மாட்டிவிட வேண்டும். அப்போது வலது கை வேறு வழியில்லாமல் எழும்பும். "விளையாடும்போது மட்டும், கேட்டியளா? திங்கும்போது உறை வேண்டாம். திங்கும்போது அவனுக்கு எந்தக் கை வருதோ அந்தக் கை."

இதில் முதல் பாதி மைனியின் காதில் தேனாக விழுந்தது. இரண்டாவது பாதி விழவே இல்லை. நொட்டாங்கையைக் கட்டிப் போடுகிற வைத்தியம்! இதைத்தானே அவள் இத்தனை வருஷமாகப் படிக்காமலே செய்து வந்தாள்! வீட்டுக்கு வந்ததும் பழைய பட்டு ரவிக்கையை வெட்டி, உள்ளே பஞ்சு வைத்து, சரிகை தெரிகிற மாதிரி ஒரு உறை தைத்தாள். நாடாவும் வைத்தாள். பிளஸ்ஸியைப் பற்றி ஊரெல்லாம் நல்லபடியாகப் பேசத் தொடங்கினாள். எனக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

நான் காலையில் வங்கிக்குப் போனால் சாயங்காலம்தான் வருவேன். பள்ளி விட்டு மத்தியானம் வந்ததும் உறை மாட்டப்படும். நான் வருகிற நேரத்துக்குக் கழற்றப்படும். லீவு நாளில் நான் கடைக்குப் போனால் அப்போதும் மாட்டப்படும். சாப்பிடும்போதும் அது கையில்தான் இருந்தது. வலது கையால் தின்னச் சொல்லுவாள், அவன் திணறுவான், சோறு கன்னத்திலும் காதிலும் போகும், கடைசியில் "எனக்க பிள்ளையால முடியல்ல" என்று அவளே ஊட்டுவாள். இது எதுவும் எனக்குத் தெரியாது. சுதனுக்குத் தெரியும். பின்னால் கேட்டபோது, "அக்கா கொஞ்சம் கூடுதலா டிரெயினிங் குடுக்கான்னு நெனச்சேன்" என்றார்.

ஒரு சனிக்கிழமை மையத்தில் பிளஸ்ஸி ஸ்பூனை நீட்டினாள். தாணு வாங்கவில்லை. இடது கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டான். பிளஸ்ஸி கெஞ்சிப் பார்த்தாள், பாட்டுப் பாடிப் பார்த்தாள். அவன் அசையவில்லை. கையை மெதுவாக வெளியே எடுத்தபோது மணிக்கட்டில் நாடா பதிந்த சிவப்புத் தடம் இருந்தது.

"தாணு, ஏன் மக்கா கைய ஒளிக்குத?" என்று கேட்டாள்.

"இது கெட்ட கை" என்றான் என் மகன்.

பிளஸ்ஸி அந்தத் தடத்தைத் தடவிவிட்டு என்னைப் பார்த்தாள். கடவுள் அவனுக்கு ஒரு கையைத்தான் சரியாகக் கொடுத்திருந்தார். அதையும் கெட்டதாக்கிக் கொடுத்துவிட்டோம். ஒரு கை வராத பிள்ளையாக மையத்துக்கு வந்தவன் இப்போது இரண்டு கையும் இல்லாத பிள்ளையாக உட்கார்ந்திருந்தான்.

அன்று வீட்டில் நான் போட்ட சண்டையைத் தெருவில் எல்லோரும் கேட்டார்கள். கேட்கட்டும் என்றுதான் போட்டேன். உறையை எடுத்து அடுப்புச் சாம்பலில் எறிந்தேன். "நீங்க ஊட்டி ஊட்டியே அவன முடமாக்கிட்டிய மைனி! டாக்டர் சொன்னது ஒரு கைதான், மத்தக் கைய நீங்கதான் ஒடிச்சிய!" என்று கத்தினேன்.

மைனியும் விடவில்லை. "ஏட்டி, ஒனக்கு என்ன தெரியும்? நாளைக்கு நாலு பேரு இருக்கிற பந்தியில அவன் நொட்டாங்கையால அள்ளித் தின்னா ஊரு சிரிக்கும். ஆரு பொண்ணு குடுப்பா? ஆரு பக்கத்துல இருந்து திம்பா? நான் பந்தியில நின்னு பாத்தவ, எனக்குத் தெரியும். அவன ஒருத்தரும் ஒண்ணும் சொல்லிரப்பிடாதுன்னுதானே நான் கெடந்து சாவுகேன்!" குரல் உடைந்துவிட்டது. எனக்கு அப்போது இரக்கம் வரவில்லை. வந்ததாகச் சொன்னால் பொய்.

மறுநாள் முதல் மைனி ஸ்டிரைக். சமைப்பாள், தட்டில் போட்டு வைப்பாள், ஊட்டமாட்டாள். "நாந்தான் பிள்ளைய ஒடிச்சவளாச்சே" என்று அம்மிக்கல்லிடம் சொல்லுவாள். அது எங்களுக்கு நல்லதாகப் போயிற்று. காலையிலும் ராத்திரியும் நான் கூட உட்கார்ந்தேன். தட்டுக்கு அடியில் ஈரத்துணி, இடது கையில் ஸ்பூன், வலது முஷ்டி தட்டின் விளிம்பில். முதலில் தரைக்குப் போனதுதான் அதிகம். எங்கள் வீட்டுக் காக்கைகள் அந்தப் பங்குனியில் நன்றாகக் கொழுத்தன. மெல்ல மெல்ல சோறு வாய்க்குப் போகத் தொடங்கியது. வலது கையும் பிடிக்கக் கற்றுக்கொண்டது. விரல்கள் முழுசாக விரியவில்லை என்றாலும் விளிம்பைக் கவ்விக்கொண்டன. மைனி அடுக்களைக் கதவுக்குப் பின்னால் நின்று ஒவ்வொரு ஸ்பூனுக்கும் ஒரு பெருமூச்சு விடுவாள்.

ஆனால் ஒரு குறை மட்டும் தீரவில்லை. கதவைச் சாத்தினால் தின்பான். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் போதும், ஸ்பூன் கீழே, இடது கை தொடைக்கு அடியில். வகுப்பு நிறையப் பிள்ளைகள் நடுவில் இவன் எப்படித் தின்பான்? ஜூன் நெருங்க நெருங்க எனக்கு இதே கவலையாக இருந்தது. பிளஸ்ஸி சொன்னாள், "இது எனக்க ரூமுல தீராதும்மா. நாலு பேருக்க நடுவுல இருந்து ஒரு தடவ தின்னுட்டான்னா தீந்துரும்."

வைகாசியில் சுதனின் சித்தப்பா மகளுக்குக் கல்யாணம், சுசீந்திரத்தில் மண்டபம். மைனி பட்டு கட்டிக்கொண்டு முதல் பந்தியிலேயே மேற்பார்வைக்கு நின்றுவிட்டாள். நான் தாணுவை வரிசையின் கடைசிக்கு முந்தின இடத்தில் உட்கார வைத்து அடுத்த நாற்காலியில் உட்கார்ந்தேன். அவனுக்கு மறுபக்கம் ஒரு இடம் காலி. அதே மேசையின் எதிர்ப்பக்கம் மாப்பிள்ளையின் பெரியப்பா கோலப்பன். ரிட்டையர் ஆன தாசில்தார், இப்போதும் எதிரில் இருக்கிறவர்களை எல்லாம் மனு கொடுக்க வந்தவர்களாகவே பார்ப்பார்.

பருப்பு விழுந்தது. நான் ஸ்பூனை எடுத்துக் கொடுத்தேன். தாணு சுற்றிலும் பார்த்தான், ரொம்ப நேரம் பார்த்தான், பிறகு இடது கையால் வாங்கிக்கொண்டான். ஒரு வாய் தின்றான். இரண்டாவது வாய்க்கு ஸ்பூன் பாதி தூரம் வந்திருக்கும்.

"இது என்ன மொறை?" என்றார் கோலப்பன். "பந்தியில இருந்து நொட்டாங்கையாலயா திங்கது? சுகமில்லாத்த பிள்ளைன்னா உள்ள தனியாட்டு ஒரு இலை போட்டுக் குடுங்க. நாலு பேரு திங்க எடம்லா."

ஸ்பூன் இலையில் விழுந்தது. இடது கை தொடைக்கு அடியில் போயிற்று. தாணு தலையைக் குனிந்துகொண்டான். சுதன் நீர்க் குடத்தோடு பக்கத்தில்தான் நின்றார். அவர் முகத்தில் "பாப்போம்" என்று எழுதியிருந்தது. நான் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தேன். கோலப்பனிடம் என்ன சொல்லப் போகிறேன் என்று எனக்கே தெரியாது. சொல்லியிருந்தால் அந்தக் கல்யாணம் நின்றிருக்கும்.

அதற்குள் மைனி வந்துவிட்டாள். யாரையும் பார்க்கவில்லை. அந்தக் காலி நாற்காலியில் உட்கார்ந்து, "இங்க ஒரு இலை" என்றாள். பந்தி முடிகிறவரை மைனி உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. பரிமாறுகிறவர்கள் பயந்துபோய் எல்லாவற்றையும் அதனதன் இடத்தில் வைத்தார்கள். சோறு விழுந்தது, பருப்பு விழுந்தது. மைனி வலது கையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். இடது கையை இலையில் வைத்துச் சோற்றைப் பிசைந்தாள்.

அந்த வரிசை முழுவதும் கை நின்றுபோயிற்று.

"பகவதி! நீயுமா?" என்றார் கோலப்பன்.

"இன்னைக்கு எனக்கு இந்தக் கைதான் வருது அண்ணாச்சி. ஒம்ம இலையில பப்படம் நமத்துப் போகு, அதப் பாரும்."

சொன்னது கம்பீரமாகத்தான் இருந்தது. தின்றதை என்னவென்று சொல்ல! சோறு பாதி வாய்க்கு வந்தது, பாதி பட்டுச் சேலைக்குப் போயிற்று. பருப்பு முழங்கைவரை வழிந்தது. பிசையப் பிசைய இலை வழுக்கி வழுக்கி மேசையில் முன்னால் நகர்ந்து கோலப்பனின் இலையைப் போய் இடித்தது. ஊருக்கே பந்தி ஒழுக்கம் சொன்னவள் ஒரு வாய்ச் சோற்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். கண் கலங்கியிருந்தது. எரிச்சலா, வெட்கமா, வேறெதுவா என்று தெரியவில்லை.

தாணு தலையைத் தூக்கி அவளைப் பார்த்தான். அவள் இலையைப் பார்த்தான். மடியில் சும்மா கிடந்த அவளுடைய வலது கையைப் பார்த்தான்.

"அத்தே" என்றான். "அந்தக் கை சும்மா இருக்கப்பிடாது. இலையப் பிடிக்கணும்."

மைனிக்கு விளங்கவில்லை. அவன் தன் வலது முஷ்டியைத் தூக்கி மேசையில் வைத்தான். தன் இலையின் ஓரத்தை அதனால் அமுக்கிக் காட்டினான். "இப்பிடி." பிறகு தொடைக்கு அடியிலிருந்து இடது கையை எடுத்தான், ஸ்பூனை எடுத்தான், தின்றான். மைனி வலது கையை எடுத்து இலையின் ஓரத்தில் வைத்தாள். இலை நின்றது. புளிசேரி வந்தது, ரசம் வந்தது, பாயாசம் வந்தது. அவள் இடத்தை விட்டு எழவில்லை, அவனும் எழவில்லை. கோலப்பன்தான் மோருக்கு இருக்காமல் எழுந்து போனார்.

ஜூனில் பள்ளி திறந்த அன்று நான் லீவு போட்டிருந்தேன். ஸ்பூனில் நிற்கிற மாதிரி கெட்டியாகத் தயிர்ச்சோறு பிசைந்து டப்பாவில் வைத்தது மைனிதான். அவன் எப்படிச் சாப்பிடப் பழகினான் என்று கேட்கிறவர்களிடம் எல்லாம், "நான் கூட இருந்து சொல்லிக் குடுத்தேம்லா" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். பிளஸ்ஸியிடமே போனில் சொன்னாள். பிளஸ்ஸியும் ஆமாம் என்று சொல்லிவிட்டாள். வாங்குகிற சம்பளத்துக்கு இதுவும் அவள் வேலையில் சேர்ந்ததுபோல.

சாயங்காலம் வேன் வந்தது. அவன் பையை இறக்குவதற்கு முன்னால் மைனி டப்பாவைத் திறந்து பார்த்தாள். ஒரு கறிவேப்பிலை மட்டும் இருந்தது.

"ஆரு ஊட்டினா மக்கா?"

"ஆரும் ஊட்டல்ல." கேட்டதே அவனுக்கு அவமானமாக இருந்தது.

மைனி டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். சந்தோஷம்தான், முகத்தில் தெரிந்தது. ஆனால் கூடவே, பந்தி முடிந்து எல்லோரும் எழுந்துபோன மண்டபத்தில் தனியாக நிற்கிறவள் போலவும் இருந்தாள். அப்போதுதான் நான் அடுக்களைப் பக்கம் பார்த்தேன். மத்தியானம் எனக்குப் பரிமாறிய பிறகு அவளுடைய சோறு அப்படியே மூடி இருந்தது. அவன் தின்ற பிறகுதானே அவள் தின்பாள். அன்றைக்கும் அதற்காகக் காத்திருந்திருக்கிறாள். எனக்கு மனசு கஷ்டமாக இருந்தது.

தாணு காலிலிருந்து பட்டையை இடது கையால் இழுத்துக் கழற்றிக்கொண்டே நிமிர்ந்து பார்த்தான்.

"நீ தின்னியா அத்தே?"

எத்தனையோ பந்திக்கு நின்ற மைனி முந்தானையால் காலி டப்பாவைத் துடைக்கத் தொடங்கினாள். அந்த வீட்டில் யாரும் அவளிடம் அதைக் கேட்டதே இல்லை.